சாவி கீறாத கண்ணாடி

போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுவதா வேண்டாமா என்று யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் தாங்காது. போன் கண்ணாடியே இப்போது அவ்வளவு உறுதி. மேலே இன்னொரு கண்ணாடி எதற்கு? மேலூர் நண்பன் கார்த்தி ஒரு வருடம் ஆசைப்பட்டுப் புதுப் போன் வாங்கியபோதும் அதைத்தான் சொன்னேன். மதுரையில் கடைக்காரர் டெம்பர் கிளாஸை உறையிலிருந்து எடுத்தே விட்டார். நான் தடுத்து, என் போனை மேசையில் வைத்து, பைக் சாவியால் அழுத்தித் தேய்த்துக் காட்டினேன். ஒரு கோடுகூட விழவில்லை.

“தம்பி, நீங்களே கடையில உக்காந்துக்கிறீங்களா?” என்றார் கடைக்காரர். கார்த்தி சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டான். அன்று வீடு வரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

பத்து நாள் கழித்து, அவன் வேலை செய்யும் கிரானைட் பட்டறைக்குப் போனேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, படிந்திருந்த கல்தூளைச் சட்டை நுனியால் துடைத்து நீட்டினான். கண்ணாடி முழுக்க மெல்லிய கீறல்கள்.

“என்ன மாப்ள, இம்புட்டுக் கோடு?”

“நீ சாவிய வச்சுத்தான தேச்சுக் காட்டுன? நான் தினமும் கல்ல வச்சுல்ல தேய்க்கிறேன்.”

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது. கிரானைட் தூள் கண்ணாடியைக் கீறும் என்று படித்தவன் நான். அவன் வேலையும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் அன்று பொறுமை இல்லை.

என் போனில் இன்றும் டெம்பர் கிளாஸ் கிடையாது. யார் கேட்டாலும் அதே உற்சாகத்தோடுதான் பேசுகிறேன். ஆனால் முதலில், “எங்க வேலை பாக்குறீங்க?” என்று கேட்டுக்கொள்கிறேன்.