தட்டினால் ஒலிக்காத கல்

கும்மிடிப்பூண்டியில் புதிதாக ஒரு தொழிற்கூடம் எழும்பும் இடத்தில் லாரி நிற்கிறது. மீஞ்சூரிலிருந்து சாம்பல் கல் ஏற்றி வந்திருக்கிறோம். இறக்கினால்தான் சுமைகூலியான எனக்கு இன்று சாப்பாடு.

மேஸ்திரி சூளையில் சுட்ட செங்கல்லிலேயே பழகியவர். லாரியிலிருந்து இரண்டு கற்களை எடுத்து ஒன்றோடொன்று தட்டுகிறார். நன்றாக வெந்த செங்கல்லைப்போல் கணீரென்று கேட்கவில்லை.

"இன்னாமா, வேகாத கல்ல ஏத்திக்கினு வந்துக்கீற? திருப்பு வண்டிய."

லாரியோடு வந்திருக்கும் கல் பட்டறைக்காரி கனகாவுக்கு இதுதான் முதல் லோடு. திரும்பினால் இந்தப் பக்கம் இனி யாரும் அவள் கல்லை வாங்கமாட்டார்கள்.

"இது கரண்டு கம்பெனியில கரி எரிச்ச சாம்பல்ல செஞ்சது நைனா. நெருப்புல வேகாது, தண்ணியிலதான் எறுகும். பதினஞ்சு நாளு நானே தண்ணி ஊத்திக்கீறேன். தட்டிப் பாக்காத, போட்டுப் பாரு."

"ஒடஞ்சா?"

"ஒடஞ்சா நானே திருப்பிக்கினு போறேன்."

மேஸ்திரி லாரியில் ஏறி, அடியிலிருந்து ஒரு கல்லை உருவித் தலைக்கு மேல் தூக்குகிறார். கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். கனகா கண்ணை எடுக்கவில்லை.

கல் கீழே கிடந்த சூளைக் கல்லின் மேல் விழுகிறது. சூளைக் கல் இரண்டாகப் பிளக்கிறது. சாம்பல் கல்லில் ஒரு முனை மட்டும் பெயர்ந்திருக்கிறது.

"சத்தம்தான் பேஜாரு," என்கிறார் மேஸ்திரி. "சரி, எறக்கு."

கனகா மணல் குவியலில் உட்கார்ந்துவிடுகிறாள். நான் முதல் கல்லை இறக்குகிறேன்.