அப்பாவின் மஞ்சள் கோடு

போன வருடம் கார்த்திகை மாத மழையில், கும்மிடிப்பூண்டியை அடுத்த எங்கள் கிராமத்து வீட்டில் நடந்தது இது.

சிப்காட்டில், கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் டிப்ளமோ வரை படித்த முதல் ஆள் நான்தான். வீண் நடை, வீண் தேடல் இல்லாமல் வேலை செய்வதைக் கம்பெனியில் 'லீன்' என்பார்கள். எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே போக வேண்டும். ஆட்கள் நடக்கும் வழிக்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதற்குள் ஒரு நட்டுகூடக் கிடக்கக் கூடாது.

சர்க்கரை நோயால் அப்பாவுக்குப் பார்வை போனபோது எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது. ஆனால் கண் தெரியாதவருக்கு மஞ்சள் என்ன, பச்சை என்ன? மெல்லிய நைலான் கயிற்றை அவர் கட்டிலிலிருந்து ஹால் வழியாகப் பின்பக்க பாத்ரூம் வரை டேப் போட்டுத் தரையில் ஒட்டினேன். காலால் தடவிக்கொண்டே போகலாம். குடம், டம்ளர், செருப்பு எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வைத்தேன்.

"மாடு கட்றதுக்காடா கம்பெனில சொல்லிக் குடுக்கறாங்க?" என்று அம்மா கேலி செய்தார்.

"கயிறு இல்லாமயே உன்கிட்டேர்ந்து தப்பிக்க முடியல," என்றார் அப்பா.

யார் கையையும் பிடிக்காமல் பாத்ரூமுக்கும், ஹாலில் அம்மா பக்கத்துக்கும் நடக்க ஆரம்பித்ததும் அவர் முதுகே நிமிர்ந்துவிட்டது.

அப்படிக் கேலி செய்த அம்மாதான் ஒரு விடியற்காலையில் மார்வலி என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவேயில்லை.

ஐஸ் பெட்டி வந்தது. அதை வைக்க ஹாலில் இடம் வேண்டுமே. மாமாக்கள் பெஞ்சு, குடம் எல்லாவற்றையும் வெளியே போட்டார்கள். பெட்டி தூக்குபவர்களுக்குக் கால் தடுக்கும் என்று யாரோ கயிற்றையும் பிய்த்துவிட்டார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. சாவு வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். நான் சுடுகாட்டு ஏற்பாட்டுக்காக அலைந்துகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அப்பா அறை வாசலில் நின்று, ஒரு காலால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். ஹால் நிறைய ஜனம். ஒரே அழுகைச் சத்தம்.

அத்தை அவர் கையைப் பிடித்தார். "வாண்ணா, நான் இட்டுகினு போறேன்."

"கைய உடும்மா. அவகிட்ட நானாதான் போய்க்கினு இருந்தேன். இன்னிக்கி மட்டும் இன்னாத்துக்குப் புடிச்சி இட்டுகினு போறீங்க? என் வழிய எங்க போட்டீங்க?"

நைட் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு மாலை வாங்கி வந்திருந்த என்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் நண்பர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கயிற்றைப் பற்றி நான் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்திருக்கிறது. உள்ளே வந்து, உட்கார்ந்திருந்தவர்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அப்பா காலடியிலேயே தரையில் உட்கார்ந்தார். அடுத்தவர் அவரை ஒட்டி உட்கார்ந்தார். அப்படியே பெட்டி வரை ஒரு வரிசை.

"நைனா, எங்க தோள தொட்டுகினே வாங்க. அம்மா நேராதான் கீறாங்க," என்றார் முதலில் உட்கார்ந்தவர்.

அப்பா ஒவ்வொரு தோளாகத் தொட்டுத் தொட்டு, தானாக நடந்தார். கடைசித் தோளைத் தாண்டியதும் கை பெட்டியின் கண்ணாடியில் பட்டது.

"இன்னாடி, இப்டி ஜில்லுனு கீற?" என்றார். காலையிலிருந்து அழாதவர் அப்போதுதான் உடைந்தார்.

கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வீண் நடையைக் குறைப்பது எப்படி என்று இன்றும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போதெல்லாம், ஒரு மனிதன் தன் காலாலேயே போய்ச் சேர வேண்டிய தூரம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் யாரும் குறைத்துவிடக் கூடாது என்ற நினைப்பு வருகிறது.