கடலில் வரைந்த நீலப் பெட்டி

படகு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற தொழிலில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், “எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொல்லக் கூடாது. மட்டாஞ்சேரிக்கு வந்த நாளிலிருந்து நான் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்த அந்த வார்த்தையை என் வாயிலிருந்து பிடுங்கியது நீங்கள்தான் சார். பெயர் சொல்லவில்லை. வெலிங்டன் தீவுக் கூட்டத்தில் திரை மேல் சிவப்பு விளக்கை அடித்து அடித்துக் காட்டியவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

வாசிக்கிறவர்களில் படகுத் தரகர், வீட்டுத் தரகர், கல்யாணத் தரகர், கட்டட மேஸ்திரி என்று யாராவது இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிப் பிழைக்கிற நம் கூட்டத்துக்குத்தான் இது புரியும். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வெங்காய லாரியில் வந்து இறங்கியவன். படிப்பெல்லாம் பஜாரில் ஏமாந்து ஏமாந்து படித்ததுதான். இங்கே என்னை அண்ணாச்சி என்பார்கள். கோபக்கார அண்ணாச்சி என்பது நான் நகர்ந்த பிறகு. இதில் வருகிறவர்கள் பேசியது பெரும்பாலும் மலையாளம். எனக்கு வந்த தமிழில் எழுதியிருக்கிறேன். அங்கங்கே மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி விலை

கடலுக்குள் காற்றாலை நிறுத்தலாமா, நிறுத்தினால் எங்கே என்று அரசாங்கம் திட்டம் போடுகிறது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு நான் படகு பிடித்துக் கொடுத்திருந்ததால் என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். என்னோடு சேவியர் சேட்டனும் வந்தார். தோப்பும்படி துறைமுகத்தில் மீன்பிடி போட் வைத்திருந்தவர். பழைய மரப் போட்டை விற்றாயிற்று. வீட்டை அடமானம் வைத்து, பெரிதாக ஒரு இரும்புப் போட் கட்டித் தரச் சொல்லி யார்டில் முன்பணமும் கொடுத்திருந்தார்.

திரையில் கடல் வந்தது. கடலுக்கு நடுவில், காற்றாலைக்கான இடம் என்று கட்டம் கட்டின ஒரு நீலப் பெட்டி. சேவியர் சேட்டன் என் தொடையைக் கிள்ளினார். அவர் வழக்கமாக வலை இழுக்கிற இடத்தில் பாதி அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. “அண்ணாச்சி, அங்க காத்தாடி நட்டா நமக்கு வலை இழுக்க விட மாட்டாங்க. அப்புறம் இவ்வளவு பெரிய போட் எனக்கு எதுக்கு? உறப்பா, நிச்சயமாக் கேட்டுச் சொல்லு. உன் வாக்கை நம்பித்தான் நான் தகடு வாங்கணும்” என்றார்.

முதலில் சொல்கிற விலை யாருடைய விலையும் இல்லை என்பது என் அனுபவம். பெட்டியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எழுந்து, “சார், கொஞ்சம் தெற்கே தள்ளிப் போடுங்க” என்றேன். “இது உத்தேசம்தான்” என்றீர்கள். “சரி, மேற்கே.” “அதுவும் உத்தேசம்தான்.” கால்வாசிக் கடலை விட்டுக்கொடுத்துப் பார்த்தேன், பாதிக்கு இறங்கிப் பார்த்தேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை. பேரத்தில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே கிடையாது. ரத்தம் தலைக்கு ஏறி, “கடைசியா எங்கதான் சார் நிற்கும்?” என்று கத்திவிட்டேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முகம் மாறாமல் சொன்னீர்கள்: “கடைசின்னு ஒண்ணும் இல்லைங்க. இன்னும் முதல்னே ஒண்ணு வரலையே.”

வாடகைக்கு ஒரு குடோன்

அப்புறம் திட்ட ஆபீஸிலிருந்து பிரியா மேடம் போன் செய்தார். சின்ன வயசு, நல்ல பெண். எல்லாவற்றுக்கும் “ஷுவர் அண்ணாச்சி” என்பார், எதுவும் ஷுவராக இருக்காது. காற்றை அளக்கிற மிதவை ஒன்று லாரியில் வருகிறதாம். கடலில் இறக்க அனுமதி வரவில்லையாம். வரும்வரை வைக்க ஒரு குடோன் வேண்டுமாம். பஜாரில் பழைய இஞ்சி குடோன் ஒன்று சும்மா கிடந்தது. அதன் சொந்தக்காரர் ஒரு குஜராத்தி சேட்டு. என்னைப் போல இரண்டு பேரைக் காலையிலேயே விழுங்கி ஏப்பம் விடுகிறவர்.

வாடகை படிந்துவிட்டது. எத்தனை மாசத்துக்கு என்று கேட்டார். மேடத்துக்குப் போன் போட்டேன். “திட்டம் முடிவாகிற வரைக்கும்னு சொல்லுங்க அண்ணாச்சி, ஷுவர்” என்றார். அப்படியே சொன்னேன். சேட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்ப வாடகை எதுக்கு அண்ணாச்சி? விலைக்கே வாங்கிக்கோ.”

பெயரில்லாத சரக்கு

லாரி வந்தது. மஞ்சளாக, குட்டி யானை உயரத்தில், தலையில் கம்பியும் கண்ணாடியும் வைத்த ஒரு சாமான். நீலச் சட்டை போட்ட சுமைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். இங்கே ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு இறக்குக் கூலி உண்டு. மிளகுச் சாக்குக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு ஒன்று. இது எதில் சேரும்? மெஷின் என்றால் மோட்டார் இல்லை. போட் சாமான் என்றால் போட்டில் போகாது, தானே மிதக்கும். அரை மணி நேரம் சண்டை. நடு ரோட்டில் லாரி, பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஆட்டோக்கள், எல்லா ஹாரனும் என் தலைக்குள்.

கடைசியில் யூனியன் தலைவர் ஷம்சு இக்கா, “இது என்னதான் செய்யும்? அதைச் சொல்லு” என்றார். “கடல்ல காத்து எவ்வளவு வீசுதுன்னு அளந்து சொல்லும்” என்றேன். “அப்ப அந்த நீலப் பெட்டி? அளந்துட்டுப் போட்டதா?” அவர் காதுக்கும் பெட்டி எட்டியிருந்தது. “இல்ல இக்கா, பெட்டி போட்டாச்சு. இனிமேத்தான் அளக்கணும்.” எனக்கே சொல்லும்போது ஒரு மாதிரி இருந்தது. ஷம்சு இக்கா தலையில் கட்டியிருந்த தோர்த்துத் துண்டை அவிழ்த்து உதறினார். “கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு! பெண்ணைப் பார்க்காமலே கல்யாணப் பந்தல் போட்டாச்சு. இறக்குங்கடா, பந்தல் சாமான் ரேட்டைப் போட்டு இறக்குங்க!”

ரோஸிச் சேச்சியின் மனு

கடற்கரையில் ஒரு ஹாலில் மக்கள் கருத்துக் கேட்பு. நாற்காலி, மைக், சாயா, பழம்பொரி எல்லாம் என் ஏற்பாடு. பிரியா மேடம் நல்ல சேலை கட்டி, பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே மீன் விற்கிற ரோஸிச் சேச்சி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். கடல் மணலை அள்ள விட மாட்டோம், உயிரே போனாலும் விட மாட்டோம் என்று ஆரம்பித்து மூச்சு வாங்காமல் பேசினார். கையெழுத்துப் போட்ட மனுவும் கையில் இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார். நான் பழம்பொரியைப் பார்த்தேன். போன வாரம் இதே ஹாலில் மணல் அள்ளுகிற விஷயமாக வேறு ஆபீஸ்காரர்கள் வருவதாக இருந்து வராமல் போய்விட்டார்கள். அந்தக் கோபத்தையும் மனுவையும் ஊர்க்காரர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

“சேச்சி, நாங்க காற்று. மணல் வேற டிபார்ட்மென்ட். இந்த மனுவை நான் வாங்கக் கூடாது” என்றார் மேடம், கெஞ்சாத குறையாக. “இதுக்கு முன்னால துறைமுகத்துக்குன்னு ஒரு கூட்டம் வந்தாங்க, அவங்க?” “அதுவும் வேற.” ரோஸிச் சேச்சி மனுவை நாலாக மடித்து மேடம் கைக்குள் வைத்து, விரல்களையும் மூடிவிட்டார். “டிபார்ட்மென்ட் எத்தனை வேணா இருக்கட்டும் மோளே. எங்களுக்குக் கடல் ஒண்ணேயுள்ளூ.”

இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இதற்குள் சேவியர் சேட்டன் தினமும் கேட்க ஆரம்பித்தார். காலையில் சாயாக்கடையில் கேட்பார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வெளியே வந்ததும் கேட்பார். “பாத்துக்கலாம் சேட்டா” என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள், இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுகிறேன் என்று கலூரில் ஒரு மாநில அரசு ஆபீஸுக்குப் போனேன். கரையை ஒட்டின கடல்தான் எங்களுடையது, அதற்கு அப்பால் மத்திய அரசு, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனேன். கடல் எங்களுடையதுதான், ஆனால் மீன்காரர்கள் விஷயம் மாநிலம், கேபிள் கரைக்கு வருகிற இடம் மாநிலம், முதலில் அவர்கள் சொல்லட்டும் என்றார்கள். மறுபடி கலூர். மழை வேறு. முழங்கால் வரை நனைந்து நிற்கிறேன்.

கவுண்டரில் இருந்தவர் நான் கூட்டத்தில் வாங்கி வைத்திருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலப் பெட்டியின் ஒரு ஓரம் அவர்கள் கடலுக்குள்ளும் மிச்சம் அடுத்தவர்கள் கடலிலும் இருந்தது. மேஜையைத் தட்டினேன், கத்தினேன், வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அந்த மனுஷன் கோபப்படவே இல்லை. ஸ்கேலை வைத்துப் பெட்டி மேல் ஒரு கோடு காட்டிவிட்டு, ரொம்ப அன்பாகச் சொன்னார்: “நீங்க ஒண்ணு செய்யுங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் வலை இழுக்கிறதைப் பத்தி மட்டும் கேளுங்க, எனக்குத் தெரிஞ்சா சொல்றேன்.”

சாக்பீஸ் படகு

மழைக்காலத்தில் போட்கள் கடலுக்குப் போகத் தடை. யார்டுகளில் வேலை நடக்கிற சமயம் அதுதான். சேவியர் சேட்டன் கூப்பிட்டார் என்று போனேன். அங்கே போட்டைத் தகட்டில் வெட்டுவதற்கு முன்னால் சிமென்ட் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்துகொள்வார்கள். தரை முழுக்க அவருடைய போட் படுத்திருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தேன். எங்கள் தெருவையே உள்ளே ஏற்றிவிடலாம் போல இருந்தது. போட் கட்டுகிற தாசன் மேஸ்திரி சாக்பீஸோடு ஓரமாக நின்றார்.

“அண்ணாச்சி, இன்னிக்குச் சொல்லணும். பெட்டி உண்டா, இல்லையா?” என்றார் சேவியர் சேட்டன். பிரியா மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பழைய படம் இப்போது இல்லை என்றார் மேடம். புதுப் படம் வந்ததா என்றேன். வரும், ஆனால் அதில் பெட்டி இருக்குமா, வேறு இடத்தில் இருக்குமா, இந்தப் பக்கமே வேண்டாம் என்று விடுவார்களா, மிதக்கிற மாதிரியா, நடுகிற மாதிரியா, எதுவும் முடிவாகவில்லை என்றார். அன்றைக்குத்தான் அவர் “ஷுவர்” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போனை வைத்தேன். இரண்டு பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராதா? ஆனால் அந்தப் பொய்யின் மேல் அவருடைய வீடு இருக்கிறது. “எனக்குத் தெரியாது சேட்டா” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். போட்டின் முன்பக்கத்தை உள்ளங்கையால் அழித்தார். அழித்துவிட்டு, நாலு எட்டு உள்ளே வந்து, இங்கே போடு என்று மேஸ்திரிக்குக் காட்டினார். அவ்வளவு தூரம் போகாத போட். கரையை ஒட்டி, பெட்டிக்கு இந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வருகிற போட். மேஸ்திரி வரையவில்லை. என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, நான் எத்தனையோ போட் கட்டியிருக்கேன். அலைக்குப் பயந்து அளவை மாத்துவாங்க, கடனுக்குப் பயந்து மாத்துவாங்க. ஒரு படத்துக்குப் பயந்து சுருக்கறதை இப்பத்தான் பார்க்கறேன்.”

சார், தகடு இன்னும் வெட்டவில்லை. தாசன் மேஸ்திரி எதையாவது சொல்லி நாளைக் கடத்துகிறார். ஆனால் தடை முடியும் நாள் நெருங்குகிறது, சேவியர் சேட்டனுக்குப் போட் வேண்டும். வெட்டிவிட்டால் வெட்டினதுதான். தெற்கே தள்ளு, மேற்கே தள்ளு என்று இனி உங்களிடம் பேரம் பேச மாட்டேன். யார்டுக்கு வாருங்கள். உண்டு என்றால் உண்டு. இல்லை என்றால் இல்லை. இன்னும் பல வருஷத்துக்கு ஒன்றும் நடக்காது, தைரியமாக வலை இழுங்கள் என்றால், அதையும் அவர் முகத்தைப் பார்த்து உங்கள் வாயால் சொல்லுங்கள். என் வாய்க்கு இனி மதிப்பில்லை.

காற்றாலை வருமா வராதா என்று ஒருவருக்கும் தெரியாத இந்தக் கடலில் அதற்கு இடம் விட்டு முதலில் ஒதுங்கி நின்றது எங்கள் சேட்டனின் போட்தான், அதன் நீளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் நிதானமாக வரைந்துகொள்ளுங்கள்.