சார்ஜ் எடுத்துக்கொண்டவர்

நம்பாதவர்கள் என் அத்தானின் வலது உள்ளங்கையை வந்து பார்க்கலாம். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்த தழும்பு. அவரை வைத்துக் கதை கட்டினால் என் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.

அத்தான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவர். அந்த நாற்காலி நியாயமாக அவரைவிட மூத்த எழுத்தர் ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. மூத்தவர் கேஸ் போட்டார். எட்டு வருடம் இழுத்தது. தீர்ப்பு வருவதற்குள் அலுவலக மாடிப்படியில் உருண்டு விழுந்து, மண்டை உடைந்து செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு வந்தது: எட்டு வருடத்துக்கு முந்தைய தேதியிலிருந்தே அவருக்குப் பதவி உயர்வு.

நிலுவைச் சம்பளம் கேட்டு அவர் மனைவி வந்தார். வீட்டுக் கடன் அந்த அம்மாவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"பதவி உயர்வு பேப்பர்லதாம்மா. உங்க வீட்டுக்காரர் இந்த சீட்ல உக்காந்து வேலை பாக்கலையே? வந்து சார்ஜ் எடுத்திருந்தாதான் அரியர்ஸ்."

"செத்தவரு எப்படி சார் வந்து எடுப்பாரு?"

"அதுக்கு நான் என்ன பண்றது? ரூல் அப்படி."

இதற்காக அத்தானை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இப்போதும் திட்டுவேன்.

'நிலுவை கிடையாது' என்று எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக அலுவலகம் போனார். பகல் இரண்டேகால் மணி. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பூட்டியிருந்த அறைக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அப்புறம்தான் கவனித்தார். அவருடைய கண்ணாடிக் கூடு, மாத்திரை, தண்ணீர் பாட்டில் எல்லாம் எதிரே எழுத்தர் மேசையில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"எவன்டா இந்த வேலை பாத்தது?"

நாற்காலியில் உட்கார்ந்தார். சூடாக இருந்தது... யாரோ அப்போதுதான் எழுந்து போன சூடு.

பேனாவைத் திறந்தார்.

பிடரியில் ஒரு கை விழுந்தது. ஈரமான கை.

முகம் மேசையில் மோதியது. மறுபடியும். மறுபடியும். மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் அவருக்கே கேட்டது. உடைந்த பல் ஒன்று கோப்பின் மேல் விழுந்தது.

"எந்திரி."

முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் வீசியது. ஊர்ந்து ஓடப் பார்த்தார். வலது கையைப் பிடுங்கி மேசைமேல் வைத்து அழுத்தியது. ரசீது குத்தி வைக்கும் கம்பி தானாக மேலே எழும்பியது...

சதக்.

அலறினார். யாரும் வரவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு பாரம் ஏறி உட்கார்ந்தது.

ஆள் இல்லை.

மேசை மணி அடித்தது... டிங்.

"எழுது. எட்டு வருஷம் முன்னாடியே சார்ஜ் எடுத்துட்டேன்."

இடது கையால் எழுதினார்.

அதன்பின் நிலுவை முழுதாகப் போய்ச் சேர்ந்தது. கடன் அடைந்தது. தொல்லை விட்டது என்று நாங்கள் பெருமூச்சு விட்டோம். அத்தான் விடுப்பில் இருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் முதல் நாளே தாடை பெயர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அதற்கு மறுநாள் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தினம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடறாரு சார். ஆபீஸ் விட்டு வர்ற மாதிரி. மண்டை உடைஞ்சது அப்படியேதான் இருக்கு. நேத்து சட்டையைக் கழட்டித் தொவைக்கச் சொன்னாரு... ரத்தம். 'யாரோடது'ன்னு கேட்டேன். 'என் சீட்ல உக்காந்திருந்தான்'னாரு."

அந்த அம்மா அத்தானையே பார்த்தார்.

"பணத்தை வேணா திருப்பிக் கட்டிடறேன். எப்ப சார் ரிட்டயர் ஆவாரு?"

அத்தான் பழக்கதோஷத்தில் மனதுக்குள் கணக்குப் போட்டார். முகம் வெளுத்துப்போனது.

"இன்னும் ஒன்பது வருஷம் இருக்கும்மா."