பன்னிரண்டு தாரோடு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நாங்கள் பஸ்ஸில் போனோம். கார் இல்லாதவர்கள் கார் வாங்கப் போகும் வழி அதுதான். 2006 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கோவைக்கு அருகில் ஒரு பந்தயத் தடத்தில் எனக்கு இடம் பதிவாகியிருந்தது. கட்டணம் 1,500 ரூபாய். கட்டினால் யாரும் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம் வேகமாக ஓட்டிப் பார்க்கலாம். நான் கட்டிவிட்டேன். சொந்தக் கார் என்ற அம்சம் மட்டும் பாக்கி.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் நான். ஆறு வருடமாகக் கார்ப் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை படித்திருப்பதால், ஒரு காரைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட என்னால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. கையில் அறுபதாயிரம் ரூபாய் இருந்தது. மாடியில் ஓர் அறை கட்ட என் மனைவி ரெஜினா சேர்த்துவைத்த பணம் அது. அவள் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிப் பூசைக்கு நம்ம வீட்ல எல்லாரும் அந்தக் கார்ல கோயிலுக்குப் போகணும். போனா கார். போகலைன்னா காரை வித்துட்டு மாடி ரூம். திங்கக்கிழமை கொத்தனார வரச் சொல்லிட்டேன்."

துணைக்கு ஆரோக்கியம் வந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், பைபாஸ் பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். என்னைவிடக் காரைப் பற்றிக் குறைவாகப் படித்தவன். படிக்கவே இல்லை என்றும் சொல்லலாம்.

முதலில் கொடைரோடு. 25 கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். அங்கே இருந்தது சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கார். டிக்கிக்கு மேல் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு இறக்கை. பக்கவாட்டில் தீ ஜுவாலை. சைலன்சர் சத்தம் ஸ்டேஷனுக்குக் கேட்டிருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே தையல் மிஷின் அளவுக்கு எஞ்சின்.

"ஏலே, இது காரா, சப்பரமா?" என்றான் ஆரோக்கியம். உரிமையாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

சிறுமலைக்குப் பஸ்கள் குறைவு. 10:40 பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியத்துக்கு மேல்தான். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய், கொண்டை ஊசி வளைவுகள் பதினெட்டு. மேலே பெரியசாமி என்ற வாழை விவசாயியிடம் கார் இருந்தது. 1994 மாடல், நான்கு கதவு, 1200 சிசி, பின்சக்கரங்களுக்கு இழுவிசை. நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் பின்னூட்டத்தில் சண்டை வரும். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கிறது. எடை குறைவு, எஞ்சின் முன்னால், வேலை பின்னால். பத்திரிகைகள் சொல்லும் இலக்கணத்துக்கு இந்த விலையில் வேறு எதுவும் பொருந்தாது. பின்சீட்டைப் பன்னிரண்டு வருடம் முன்பே கழற்றி, பாலிதீன் சுற்றிக் கொட்டகையில் வைத்திருந்தார். புதிதாகவே இருந்தது.

"ஓட்டிப் பாக்கலாமா?" என்றேன்.

"தாராளமா, சார். செத்த நேரம் பொறுங்க, தார ஏத்திருவோம்."

சிறுமலையில் எந்த வண்டியும் காலியாகக் கீழே இறங்காது. அப்படி இறங்கினால் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதை ஒரு குடும்பத் தகராறாகவே எடுத்துக்கொள்வார்கள். கால் மணி நேரத்தில் பன்னிரண்டு தார் மலைவாழை பின்னால் ஏறியது. பின்சீட்டைக் கூரையில் கட்டினார்கள். பெரியசாமி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆரோக்கியம் தார்களுக்கு நடுவில், மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி போல உட்கார்ந்தான்.

"லோடு இருந்தா ராஜா மாதிரி போகும், சார்" என்றார் பெரியசாமி. இந்த வாக்கியத்தின் பின்பாதி எனக்கு நன்றாகக் கேட்டது.

உண்மையிலேயே ராஜா மாதிரிதான் போனது. பதினெட்டு வளைவிலும் வால் அசையவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்னும் பின்னும் சேர்ந்து திரும்பின. திண்டுக்கல் மார்க்கெட் வாசலில் நிறுத்தியபோது நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். விலை 52,000.

"தார எறக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்து காசக் குடு" என்றான் ஆரோக்கியம்.

"பதினெட்டு வளைவு ஓட்டியாச்சு. இன்னும் என்னத்தப் பாக்கணும்?"

"நீ வாத்தியாரு. உனக்குத் தெரியாததா" என்றான். அவன் அப்படிச் சொன்னபோதே நான் கவனித்திருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகமும் கையெழுத்திட்ட படிவங்களும் என் கைக்கு வந்த பிறகுதான் தார்கள் இறங்கின. காரின் பின்புறம் ஒரு முழம் உயர்ந்தது. கம்பீரமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று மாலை ஆரோக்கியம் பின்சீட்டை மாட்டிக் கொடுத்தான். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஒட்டன்சத்திரம் தாண்டி ஆயக்குடி, 55 கிலோமீட்டர், மணி 7:20. சாலையோரம் கொய்யா, கிலோ பத்து ரூபாய். ஒரு கிலோ வாங்கிப் பின்சீட்டில் வைத்தோம். பழனி போவதற்குள் எல்லாம் முன்சீட்டுக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு பள்ளத்திலும் காரின் பின்பக்கம் தனியாக எழுந்து தனியாக உட்கார்ந்தது. ஸ்போர்ட்ஸ் கார் விறைப்பாகத்தான் இருக்கும் என்று ஆரோக்கியத்துக்கு விளக்கினேன். அவன் கொய்யா தின்றுகொண்டிருந்தான்.

உடுமலை, பொள்ளாச்சி வழியாகத் தடத்துக்குப் போய்ச் சேர மணி பத்து. பதினோரு மணிக்குக் கொடி அசைத்தார்கள். இரண்டாவது வளைவில் நான் வந்த வழியைப் பார்த்தபடி நின்றிருந்தேன். மறுபடி முயன்றேன், மறுபடியும் பின்பக்கம் துள்ளி, வழுக்கி, வந்த வழியே தெரிந்தது. தொப்பி போட்ட ஓர் அதிகாரி கையைக் காட்டி என்னை வெளியே வரச் சொன்னார்.

"ஏனுங்க சார், இந்த வண்டில வழக்கமா லோடு ஏதாச்சும் போகுங்களா?"

"வாழைத்தார்."

அவர் குனிந்து பின்சக்கரத்துக்கு மேலே பார்த்தார். நாலு மூட்டை மண் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "கார்ல ஆடுற சாமான் ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க. அந்தக் கொய்யாவையும் எடுத்துருங்க. சரி பண்ணாம உள்ள விட முடியாதுங்க."

பதினோராம் வகுப்புக்கு மீட்சிப் பண்பு நடத்துபவன் நான். கனத்தைத் தாங்கச் செய்த வில், கனம் இல்லாதபோது வளையாது, துள்ளும் என்பதைக் கரும்பலகையில் வருடா வருடம் படம் போட்டு விளக்குகிறேன். நான் சோதித்துப் பார்த்தது காரை அல்ல. கார் கூட்டல் பன்னிரண்டு தார். வாங்கியது காரை மட்டும்.

ஆரோக்கியம் ஏற்கெனவே ஜாக்கி போட்டுக் காருக்கு அடியில் படுத்திருந்தான். "பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூடப் போட்டிருக்காய்ங்கடா. நேத்தே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"எறக்கிட்டு ஓட்டச் சொன்னேன்ல? பத்தொம்பது நம்பர் ஸ்பேனர எடு."

கூடுதலாகப் போட்டிருந்த நான்கு வில்பட்டைகளும் வெளியே வர ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் ஆனது. எனக்கு மிஞ்சியது பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்தைப் பற்றி அடக்கமாக எழுத எனக்கு வரவில்லை. கார் தரையைப் பிடித்தது. எட்டுச் சுற்று ஓட்டினேன். கடைசிச் சுற்றில், என் காரைப்போல இருபது மடங்கு விலையுள்ள ஒரு காரை முந்தினேன். அதன் உரிமையாளர் பெயின்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

திரும்பும்போது பொள்ளாச்சிக்கு அருகே ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் போனது. வீட்டு வாசலில் நின்றபோது மணி 5:35. பட்டைகளைத் திரும்ப மாட்ட நேரமில்லை; அவை டிக்கியில் கிடந்தன. ரெஜினா, மாமியார், இரண்டு மகள்கள் தயாராக நின்றார்கள். மாமியாரும் ரெஜினாவும் பெரியவளும் பின்னால் ஏறினார்கள். கார் வால் பக்கம் உட்கார்ந்தது. நகர்த்தியதும் டயர் மட்கார்டில் உரசிக் கதறியது.

"என்ன சத்தம்?" என்றாள் ரெஜினா. எனக்குக் கொத்தனார் முகம் தெரிந்தது.

ஆரோக்கியம் டிக்கியைத் திறந்து பட்டைகளை அள்ளி எங்கள் வீட்டு வாசலில் போட்டான். "அம்மாவ முன்னாடி ஒக்கார வை. சின்னதுக ரெண்டும் பின்னாடி. பள்ளத்துல மெல்லப் போ." மாமியார் முன்சீட்டுக்கு மாறினார். ஒன்றரை கிலோமீட்டரை மாட்டு வண்டி வேகத்தில் கடந்தோம். கோயில் வாசலில் நிறுத்தியபோது மணி 5:57. தடத்தில் ஓட்டிய எட்டுச் சுற்றும் இதைவிடச் சுலபம்.

பூசை முடிந்து வந்ததும் ரெஜினா வாசலில் கிடந்த பட்டைகளைப் பார்த்தாள். ஆரோக்கியம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப இது இருந்தா குடும்பக் கார், இல்லைன்னா பந்தயக் கார். அம்புட்டுத்தானே?" என்றாள். "மாட்டுங்கண்ணே. கொத்தனார்ட்ட நான் சொல்லிக்கிறேன்." மாட்டி முடித்ததும் கையை நீட்டினாள். "அந்த ஸ்பேனர இங்க குடுங்க."

இதே மாதிரி தேடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது: ஐம்பதாயிரத்துக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கும், தாராளமாகக் கிடைக்கும். பின்சக்கர இழுவிசை உள்ளதாகப் பாருங்கள், இறக்கைக்கும் ஜுவாலைக்கும் காசு கொடுக்காதீர்கள். மலையில் வாங்கினால், எவ்வளவு அழகாக இறங்கினாலும், காலியாக ஒரு தரம் ஓட்டிய பிறகே பணத்தை எடுங்கள். திண்டுக்கல்லிலிருந்து தடத்துக்குப் போக நான்கு மணி நேரம். திரும்ப ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பந்தய நாளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் பீரோவில், நகைகளோடு இருக்கிறது. ஆரோக்கியத்திடம் இன்னொன்று உண்டு. அவன் தரமாட்டேன் என்கிறான்.