கார் இல்லாமல் ஓடிய மீற்றர்

மேசைக்கு அடியில் என் மச்சான் ஒளிந்திருக்கிறான் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள், குனிந்து தும்புத்தடியால் குத்தியும் பார்த்தேன். பேய் பிசாசில் எனக்கு அன்றும் நம்பிக்கையில்லை. சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பயப்பட வேண்டியவர்கள் எல்லாரும் உயிரோடு, கையில் துவக்கோடு திரிந்தார்கள், செத்தவர்களுக்குப் பயப்பட யாருக்கு நேரம் இருந்தது?

மச்சான் என்றால் என் மனைவியின் தமையன் தங்கராசா. செங்கலடியில் ஒரு பழைய கறுப்புக் காரை ஹயருக்கு ஓடிக்கொண்டிருந்தான். வேகமும் பெற்றோலும் காட்டும் மீற்றர் மங்கிப்போய், பொழுது பட்டால் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. சின்ன விசயம் என்று நினைத்துவிடாதீர்கள். முந்திய கிழமை பெற்றோல் முடிந்தது தெரியாமல், ஊரடங்குக்குக் கொஞ்சம் முன், இரண்டு காவலரணுக்கு நடுவில் நின்றுவிட்டான். அப்படி நின்ற எல்லாரும் வீடு வந்து சேர்ந்ததில்லை. அவன் காரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது இடுப்பில் கட்டியிருந்த சறம் நனைந்திருந்தது. வேர்வை என்றான், நான் ஊர் முழுக்க வேறு மாதிரிச் சொன்னேன்.

அதனால்தான் அன்று பின்னேரம் மீற்றரைக் கழற்றி, துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நான் றேடியோ திருத்துகிறவன், முள்ளும் பல்ப்பும் இருந்தால் எதையும் திருத்துவேன் என்று வாய் பேசுகிறவன்.

"மச்சான், நாளைக்கு விடிய ஆசுபத்திரி ஹயர் ஒண்டு இரிக்கி. பழுதாக்கிப் போட்டுராத."

"நான் தொட்டா உன்ட மூஞ்சியும் வெளிச்சமாகும், போ" என்றேன்.

திறந்து பார்த்தால், உள்ளே இருந்த பல்ப்புகள் புகை பிடித்த சிமினி போலக் கறுத்திருந்தன. புதிது வாங்கக் கடையில் இல்லை. சைக்கிள் விளக்குப் பல்ப் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, பிளேட்டால் துருவைச் சுரண்டி, உட்சுவரில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டினேன், வெளிச்சம் பட்டுத் தெறிக்கட்டும் என்று. றேடியோ கேட்கும் பற்றறியில் வயரைத் தொட்டதும் பச்சையாக எரிந்தது பாருங்கள், மின்சாரத்தை மறந்துபோன வீட்டில் இனி இதை வைத்து அரிசியில் கல் பொறுக்கலாம் என்றாள் மனைவி. கண்ணாடியைத் துடைக்கும்போது பார்த்தேன், மைல் இலக்கங்களில் கடைசி மூன்றும் பூச்சியமாக இருந்தன. இதைச் சாட்டி மச்சானிடம் ஒரு போத்தல் கறக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் வேக முள் எழும்பியது.

அந்த முள்ளுக்கும் பற்றறிக்கும் சம்பந்தமில்லை. கார் ஓட, அடியிலிருந்து வரும் கம்பி சுற்றினால்தான் அது அசையும். கம்பி காரில், கார் மச்சான் வீட்டு வளவில். முள் நாற்பதில் போய் நின்று நடுங்கியது. சறக் கதைக்குப் பழிவாங்க எங்கேயோ இருந்து காந்தம் பிடிக்கிறான் என்று நினைத்து, "வெளிய வாடா" என்று தும்புத்தடியை விட்டேன். பூனைதான் ஓடியது.

வயரைப் பிடுங்கினேன். வெளிச்சம் போனது, முள் போகவில்லை. துவாயால் மூடினேன், துவாய்க்குள் இலக்கம் உருளும் சத்தம் கேட்டது. இருட்டில் அதோடு தனியே இருக்கப் பயந்து வயரைத் திரும்பக் கொழுவினேன். நம்பினால் நம்புங்கள், திருநீற்றுச் சிரட்டையையே அதன் தலையில் கவிழ்த்தேன். முள் பூச்சியத்துக்கு விழுந்தது. பார்த்தாயா என்று மனைவியிடம் பெருமை பேசி வாய் மூடவில்லை, திரும்ப ஓடியது. காவலரணில் மறித்துவிட்ட வாகனம் போல இடையிடையே நின்று நின்று ஓடியது. அவள் சுவாமி படத்தடியில், நான் அவளுக்குப் பின்னால். கடைசியில் ஒருவழியாக முள் படுத்தது.

அதற்குப் பிறகுதான் மச்சானின் மனைவி பவளம் படலையால் வராமல் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணன், அவர் இஞ்ச வந்தவரா?"

இல்லை என்றேன். தெரியாத ஆட்கள் இரண்டு பேர் வந்து காரைக் கேட்டார்களாம். மீற்றர் கழற்றிக் கிடக்கிறது, ஓட முடியாது என்று இவன் சொல்லிப் பார்த்தானாம்.

"மீற்றர் என்னத்துக்கு, நீ இரிக்கிறாய்தானே எண்டாங்க அண்ணன். இப்ப கொண்டுவந்து விடுறம் எண்டுதான் ஏத்திக்கிட்டுப் போனாங்க. இன்னும் காணல்ல."

திருநீற்றில் குளித்துப் பச்சையாக எரிந்துகொண்டிருந்த மீற்றரைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். திருத்துகிறேன் என்றேன்.

கேட்கக்கூடிய இடமெல்லாம் கேட்டோம். எல்லாப் பக்கத்தாரும் நாங்கள் இல்லை என்றார்கள். சில நாள் கழித்து ஒரு மீன் வியாபாரி, கார் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் நிற்கிறது என்றார். பவளமும் நானும் போனோம். ஒரு கீறல் இல்லை, சாவி அதிலேயே தொங்கியது. என் மேசையில் மீற்றர் எத்தனை மைல் உருண்டிருந்ததோ, செங்கலடியிலிருந்து அந்தப் பாலமும் அத்தனை மைல்தான்.

பவளத்துக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. முள் ஒருவழியாகப் படுத்ததற்கும் அவள் வேலியைப் பிரித்ததற்கும் நடுவில், அது இன்னொரு தரம் எழும்பியது. கார் போகும் வேகமில்லை, ஆள் நடக்கும் வேகம். மயிரிழை எழும்பி, கொஞ்ச நேரம் அப்படியே ஊர்ந்து, பிறகு படுத்துவிட்டது. பாலத்தடியில் பார்த்த காரோ நின்ற இடத்தைவிட்டு அசைந்திருக்கவில்லை. சில்லுக்குப் பின்னால் வந்த தடம் இருந்தது, முன்னால் மணல் குலையாமல் கிடந்தது.

ஸ்டார்ட் எடுக்காத காரைக் கட்டி இழுத்து வந்து மீற்றரைப் பூட்டிக் கொடுத்தேன், வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சக் காலம் பவளத்தின் தம்பி அதை ஓடினான். தங்கராசா வரவில்லை.