ஐஸ் கறி தொடாத டைம்கீப்பர்

உறைய வைத்த கறியைப் பாக்கெட்டில் விற்கவென்று கடைத்தெரு முனையில் புதிதாகத் திறந்திருக்கும் ஐஸ் கறிக்கடையில் விற்பது போன வருஷமே செத்த ஆடு என்று சலூன்காரருக்கு அவருடைய மச்சினி சொன்னாளாம். மச்சினிக்கு யார் சொன்னது என்று சலூன்காரர் கேட்கவில்லை. வதந்திக்குத் தாய் தகப்பன் விசாரித்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா?

"பாக்கெட்டைப் பிரிக்கறப்ப கருகருன்னு இருக்குதாம் சார். அப்படியே வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் பார்த்தா ரத்தச் செவப்பு! மருந்து போடாம அப்படி மாறுமா? நீங்களே சொல்லுங்க."

சலூன்காரர் இதைக் கேட்டபோது கத்தி டைம்கீப்பரின் தாடைக்குக் கீழே இருந்தது. அந்த நிலைமையில் எவனும் தலையாட்ட மாட்டான். டைம்கீப்பர் கண்ணை மட்டும் மூடித் திறந்து ஆமோதித்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே பூரிப்பு. அந்தக் கறுப்பும் சிவப்பும் அவருடைய சொந்தச் சரக்கு. வழக்கமாகப் பச்சைக் கறி வாங்கும் கடையில் அவர் போகிறபோக்கில் விட்டுவந்த பேச்சு, கைமாறிக் கைமாறி, காலும் வாலும் முளைத்து அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. செத்த ஆடு மட்டும் வேறு யாரோ சேர்த்தது. உயிரோடு இருக்கிற ஆட்டை எந்தக் கடையில் கறியாக விற்கிறார்கள் என்று கேட்க அவருக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் நல்ல வதந்தியைக் கெடுக்க மனசு வரவில்லை.

"மச்சினி நர்சுங்க ஹாஸ்டல்ல சமையல்காரி சார். அங்க இனிமே அந்தக் கடையிலேர்ந்துதான் கறி வாங்கறதா இருந்தாங்களாம். இவ வேணாம்னு சொல்லப்போறா."

"சொல்லட்டும், சொல்லட்டும்," என்றார் டைம்கீப்பர், கத்தி விலகியதும்.

அந்தக் கடை அவருடைய மாப்பிள்ளையின் கடை என்பது சலூன்காரருக்குத் தெரியாது. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "வியாபாரம்" என்று சொல்லிவிட்டு டைம்கீப்பர் பஸ் வருகிற திசையைப் பார்ப்பார்.

பஸ் டிப்போவில் வண்டி போகிற நேரமும் வருகிற நேரமும் எழுதி ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் வேலையே பெயராகிவிட்டது. தாமதமாக வந்த டிரைவரை மேலும் கீழும் பார்த்து உதட்டைப் பிதுக்குவது ஒன்றே அவர் ஆயுசு முழுக்கக் கற்றுத் தேர்ந்த வித்தை. ஓய்வு பெற்ற பிறகு அந்த உதடு சும்மா கிடந்தது. அதைக் கறியின் மேல் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது முதல் ஆளாக இவர்தான் நிற்பார். பின்னந்தொடைதான் வேண்டும். விரலால் அழுத்திப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். "தொட்டா வெதுவெதுன்னு இருக்கணும். அதுதான் கறி. மத்ததெல்லாம் பிணவறைச் சரக்கு" என்று பொதுமக்களுக்கு அறிவிப்பார். வெட்டிய சூட்டோடு வாங்கி வந்த கறி குக்கரில் விசிலுக்கு மேல் விசில் கேட்டும் ரப்பராக இருந்தால், அதற்குப் பெயர் 'பல்லுக்குப் பயிற்சி'.

மாப்பிள்ளையைப் பார்த்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுச் சொந்தக் கடை போட்டவர். கடையில் மகளும் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒருநாள் மகள் வீட்டு அடுப்படியில் பாக்கெட்டைப் பிரித்தபோது கறி கருநீலமாக இருந்தது. டைம்கீப்பருக்கு உதடு பிதுங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே கறி சிவந்தது.

"காத்துப் படாத கறி அப்படித்தான் மாமா இருக்கும்," என்றார் மாப்பிள்ளை. "காத்துப் பட்டா செவந்துடும். நீங்க வாங்கற கடையில தொடையை வெட்டினதும் உள்பக்கம் பாருங்க, அதே கதைதான்."

டைம்கீப்பருக்கு அது புரிந்தது. புரியாமல் என்ன? ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிற காட்சிதானே. ஆனாலும் அடுத்த வாரம் கறிக்கடை வரிசையில், "சில கடையில பாக்கெட்டைப் பிரிச்சா கறுப்பு, கொஞ்ச நேரத்துல செவப்பு. என்னத்தப் போடறானுங்களோ!" என்றார். காற்றுப் படுகிற விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். கடைப் பெயரையும் சொல்லவில்லை. ஊரில் அப்படி இருந்ததே ஒரு கடைதான். பாதியைச் சொல்வது பொய்யாகாது என்பது அவர் கட்சி.

சலூனிலிருந்து வழவழத்த கன்னத்தோடு வீட்டுக்கு வந்தால், மனைவி ஃப்ரீசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கறியில் மிச்சம் முழுவதும் ஒரே பையில், ஒரே உருண்டையாக உள்ளே கிடந்தது. அதை வெந்நீரில் போட்டு இளக வைத்து, வேண்டியதை வெட்டிக்கொண்டு, மீதியைத் திரும்ப உள்ளே தள்ளுவது அந்த வீட்டு வழக்கம். பாத்திரம் நிறையச் சிவப்புத் தண்ணீர் நிற்கும். கறியின் சுவையெல்லாம் அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும்.

"ஏங்க, இந்தப் பாறாங்கல்லை நீங்களே வந்து உடைங்க. ஐஸ் கறி தொடமாட்டாராம், பெரிய துரை!"

"இது ஐஸ் கறி இல்லடி. ஐஸ்ல வெச்ச ஃப்ரெஷ் கறி."

"ஆமாமா. கிணத்துல விழுந்தவனைக் குளிக்கப் போனவன்னு சொல்ற மாதிரி."

மாப்பிள்ளையும் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். வீட்டுப் பெட்டியில் மெதுவாக உறைந்தால் பனி ஊசி ஊசியாக வளர்ந்து நாரைக் கிழித்துவிடும், வேகமாக உறைய வைத்தால் பொடி மணலாக நிற்கும், நார் பிழைக்கும் என்று. "ஒண்ணுமே கெடாதுன்னு சொல்லல மாமா. கொஞ்சம் சாறு போகத்தான் செய்யும். உங்க வீட்டுல போற அளவுக்குப் போகாது." அதற்கு டைம்கீப்பர் தந்த பதில்: "பாடம் எடுக்காதீங்க மாப்ள."

மகள் வந்தபோது அவள் கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"அப்பா, கறிக்கடையில என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொன்னேன்? ஊர்ல ஆயிரம் சொல்வான்."

"கறுப்பு, செவப்பு. அது எங்க அடுப்படியில நீங்களும் அவரும் பேசினது. ஊருக்கு எப்படித் தெரியும்?"

டைம்கீப்பர் விட்டத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் நர்சுங்க ஹாஸ்டல் சமையல்காரம்மா வார்டன்கிட்டச் சொல்லப்போறாங்க. அவங்க வேணாம்னா கடை இல்ல. கடை இல்லன்னா அவரு வெளியூருக்கு, பழைய கிடங்கு வேலைக்கே போறாரு. நானும் பாப்பாவும் கூடப் போறோம்."

கடை மூடினால் மாப்பிள்ளை கொட்டம் அடங்கும் என்பது வரைதான் டைம்கீப்பர் கணக்குப் போட்டிருந்தார். பேத்தி ஊரைவிட்டுப் போவது அந்தக் கணக்கில் இல்லை.

"பாதி சொன்ன வாயால மீதியையும் போய்ச் சொல்லுங்க," என்றாள் மகள். "நான் கடையில இருப்பேன்."

"போங்க," என்றாள் மனைவி. "ஊரெல்லாம் உங்க வாய் நடந்துச்சு. இன்னிக்குக் காலும் நடக்கட்டும்."

ஹாஸ்டல் சமையலறையில் ஆவி கூரை வரை நின்றது. சமையல்காரம்மா முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கொடுத்திருந்த மாதிரிப் பாக்கெட் பிரிக்காமல் மேடைமேல் கிடந்தது. டைம்கீப்பர் தான் யாரென்று சொன்னார். பேச்சைக் கிளப்பியது தான்தான் என்றும் சொன்னார். அதைக்கூட ஏதோ சாதனை மாதிரிதான் சொன்னார்.

"காத்துப் பட்டா செவக்கும்மா. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷமா சமைக்கறீங்க?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பாக்கெட்டைப் பிரித்தாள். அகலத் தட்டில் கொட்டி, அது சிவக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"வாடை ஒண்ணும் இல்லையே! இப்ப யோசிச்சா, வெட்டற கடையிலயும் உள்ள கருத்துதான் இருக்கும். நாந்தான் கவனிக்கல. என் அக்கா புருஷன் வேற சலூன்ல உக்காந்து ஊதிக்கிட்டு இருக்காரு." சிரித்தாள். "சரி சார், வார்டன்கிட்ட வாங்கலாம்னே சொல்லிடறேன். உங்க வீட்டுலயும் இதானே? மாப்பிள்ளை கடையாச்சே."

'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். கழுதைக்குக்கூட இந்த இடத்தில் தலையாட்டத் தெரிந்திருக்கும். ஆனால் ஆயுசு முழுக்கப் பழகிய உதடு, கேள்வி முடிவதற்குள் பிதுங்கிவிட்டது.

"நானா? நான் ஐஸ் கறியைக் கையால தொடமாட்டேன்."

அவள் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இது எங்க பொண்ணுங்களுக்கு மட்டும்தானா?" என்றாள் அவள்.

"இல்லம்மா, அது வந்து... எனக்குப் பழக்கம் வேற... நான் சொல்ல வந்தது..."

"எல்லாம் சொல்லிட்டீங்க சார். நர்சுங்க பொழுதெல்லாம் நின்னு வேலை பார்த்துட்டு வந்து சாப்பிடுதுங்க. நீங்க தொடாததை அதுங்க தட்டுல போடணுமா?" தட்டை அப்படியே மூடி ஓரமாக நகர்த்தினாள். "பெத்த பொண்ணுக்காகக்கூட ஒரு வாய் சாப்பிடறேன்னு சொல்ல வரல. உங்களை நம்பி ஒரு டிப்போ வேற ஓடியிருக்கு."

வார்டன் அறை நடைவழியின் கடைசியில் இருந்தது. சமையல்காரம்மா எழுந்து அங்கே போவதை டைம்கீப்பர் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஒரு சமையல்காரியின் பின்னால் அவர் ஓடுவதா?

தெருவுக்கு வந்து, நிழல் பார்த்து நின்று, மகளுக்கு போன் போட்டார். என்ன சொல்வது என்பது தயாராக இருந்தது. 'அந்த அம்மாவுக்கு அறிவு பத்தாதும்மா. எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் மண்டையில ஏறல.' ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. கடையில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கடையில் என்ன கூட்டம் என்பது அவருக்கே தெரியும்.

திரும்பவும் போட்டார். 'பாப்பா எங்க?' என்று முதலில் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.